த்ரில்லர் படங்களும் சந்தேக நோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல படங்களின் முடிவு வெளிப்படும். அதைத் தவிர்க்க வழியில்லை. த்ரில்லரில் மனநோய் ஒளிந்திருக்கிற இடமே கடைசி இருபது நிமிடம்தான். நான் மருத்துவர் இல்லை. நிறையப் படம் பார்க்கிறவன், என் பெரியம்மாவைப் பல வருடம் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போய் வந்தவன். படம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது நண்பர்கள் கேட்ட கேள்விகளும் எனக்கே எழுந்த கேள்விகளும் இங்கே இருக்கின்றன.

பாரனோயா என்றால் சந்தேகம்தானே? எல்லோரும்தான் சந்தேகப்படுகிறோம்?

சந்தேகம்தான். வித்தியாசத்தைக் காட்டத் தமிழில் ஓர் எழுத்து போதும். ஆபீஸ் கேன்டீனில் நுழைந்ததும் பேச்சு நின்றால் ‘என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ’ என்று யாருக்கும் தோன்றும். அந்தக் கடைசி ‘ஓ’ இருக்கிறவரை பிரச்சினை இல்லை. நாமே நம்மைக் கேட்டுக்கொள்கிறோம், டீ குடித்து முடிப்பதற்குள் மறந்தும் விடுகிறோம். நோயாக முற்றும்போது அந்த ‘ஓ’ உதிர்ந்துவிடும். ‘பேசுகிறார்களோ’ என்பது ‘பேசுகிறார்கள்’ ஆகிவிடும். அதன் பிறகு எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் அது எதிர்க்கட்சியின் ஆதாரமாகத்தான் தெரியும்.

பாரனோயா என்பது ஒரு தனி நோயின் பெயரும் இல்லை. காய்ச்சல் மாதிரி, பல காரணங்களால் வரும். தொடர்ந்து தூக்கம் கெட்டால் வரலாம். மது, போதைப்பொருள், முதியவர்களுக்கு வரும் மறதி நோய், கடுமையான மனச்சோர்வு, மனச்சிதைவு நோய் எல்லாவற்றிலும் வரலாம். ஊரில் ‘சந்தேகப் பேய் பிடிச்சிருக்கு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அப்படியென்றால் சந்தேகப்பட்டது உண்மையாகிவிட்டால் அது நோய் இல்லை, சரியா?

த்ரில்லர் நமக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான், ஆனால் மருத்துவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. மனைவி மேல் ஓயாத சந்தேகம் ஒரு நல்ல உதாரணம். குடிநோய் உள்ள ஆண்களிடம் அடிக்கடி காணப்படுவது, ஷேக்ஸ்பியரின் நாயகன் பெயரால் ‘ஒத்தெல்லோ நோய்க்குறி’ என்றே இதை அழைப்பார்கள். கணவன் போனைப் புரட்டுகிறான், துணிகளை மோந்து பார்க்கிறான், பால்காரர் நேற்று ஏன் இரண்டு தடவை பெல் அடித்தார் என்று நடுராத்திரி எழுப்பிக் கேட்கிறான். அந்த மனைவிக்கு உண்மையிலேயே வேறொரு உறவு இருந்தாலும் கணவனுக்கு நோய் இல்லை என்று ஆகிவிடாது. அவன் அந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்ந்தான், அது அவன் வாழ்க்கையை எப்படிச் சுருட்டிப் போட்டிருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி.

எனக்கு இந்தப் படங்கள் மேல் இருக்கிற முதல் வருத்தமும் இதுதான். ‘அவர் சொன்னது நிஜமா, பொய்யா’ என்ற ஒரே கேள்வியில் இரண்டரை மணி நேரத்தை ஓட்டிவிடுவார்கள். அந்த மனிதர் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

த்ரில்லர் இயக்குநர்களுக்கு இதில் அப்படி என்ன ஈர்ப்பு?

வசதி. ஆபத்தைப் பார்த்துவிட்ட ஒரு கதாபாத்திரம் 100க்குப் போன் போட்டால் படம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். போலீஸ் வராமல் இருக்க ஒரு காரணம் வேண்டும். ‘அந்தம்மா ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுறவங்க சார்’ என்று ஒரு வசனம் போட்டால் போதும், ஊரே விலகி நின்றுகொள்ளும். கதாபாத்திரத்தைத் தனியாக்க இதைவிட மலிவான வழி திரைக்கதையில் கிடையாது.

‘பாரனோயா த்ரில்லர்’ என்றே ஒரு வகை இருக்கிறதாமே?

1970களின் அமெரிக்கப் படங்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆலன் பக்குலாவின் ‘தி பேரலாக்ஸ் வியூ’ (1974), சிட்னி பொலாக்கின் ‘த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டர்’ (1975) எல்லாம் அந்தக் கூட்டம். ஊர் நிலைமை அப்படி. எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கப் புகுந்த ஆட்கள் பிடிபட்ட வாட்டர்கேட் விவகாரத்தில் 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் பதவி விலகினார். அதற்கு முன் 1971இல், வியட்நாம் போர் ரகசியங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவருடைய கிளினிக்குக்குள்ளேயே வெள்ளை மாளிகையின் ஆட்கள் பூட்டை உடைத்துப் புகுந்திருந்தார்கள். ஒருவரை மனநோயாளி என்று காட்ட அவருடைய மருத்துவக் கோப்பைத் திருடப் போன அரசாங்கம் அது. இப்படிப்பட்ட ஊரில் ‘என்னைக் கண்காணிக்கிறார்கள்’ என்று ஒருவர் சொன்னால் சட்டென்று சிரித்துவிட முடியுமா?

இந்த வரிசையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் ‘தி கான்வர்சேஷன்’ (1974). கான் விழாவில் அந்த வருடம் உச்சப் பரிசு வாங்கிய படம். ஹாரி கால் என்பவர் (ஜீன் ஹேக்மன்) காசு வாங்கிக்கொண்டு ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து தருகிறவர். சான்பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில், மதிய நேரக் கூட்டத்துக்கு நடுவில், ஒரு ஆணும் பெண்ணும் சுற்றிச் சுற்றி நடந்தபடி பேசுகிறார்கள். உயரத்திலிருந்து கேமரா மெல்லக் கீழே நெருங்குகிறது. கூரை மேல் ஒருவர் குறிபார்க்கும் கண்ணாடி பொருத்திய நீள மைக்கைத் தாங்கி நிற்கிறார். முதல் பார்வைக்குத் துப்பாக்கி என்றே தோன்றும். பேச்சு நடுவில் கரகரவென்று உடைகிறது. நாமும் காதைத் தீட்டிக்கொள்கிறோம். படம் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் நாமும் ஒட்டுக்கேட்கிறவர்களாகிவிட்டோம்.

அந்தப் பதிவில் ஒரு வரி: வாய்ப்புக் கிடைத்தால் அவன் நம்மைக் கொன்றுவிடுவான். ஹாரி இதை ஓட்டி ஓட்டிக் கேட்கிறார். ‘கொன்றுவிடுவான்’ என்பதில்தான் அழுத்தம் விழுகிறது. பாவம், இந்த ஜோடிக்கு ஆபத்து என்று தவிக்கிறார். ஏற்கெனவே அவர் பதிவு செய்து கொடுத்த ஒரு பேச்சால் மூன்று பேர் கொலையான குற்றவுணர்ச்சி வேறு. கடைசியில் அதே வரி மறுபடி ஒலிக்கும்போது அழுத்தம் ‘நம்மை’ என்பதில் விழுகிறது. அவன் நம்மைக் கொல்வதற்குள் நாம் முந்திக்கொள்வோம் என்று அர்த்தமே புரண்டுவிடுகிறது. ஒலியைக் கவனித்த வால்டர் மெர்ச் அங்கே நடிகர் வேறு விதமாகப் பேசிய பதிவையே சேர்த்திருக்கிறார். சந்தேகம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஹாரி இல்லாததைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் உண்மையான சொற்கள். அழுத்தத்தை எங்கே வைப்பது என்பதை அவருடைய பயம் முடிவு செய்துவிட்டது.

பிறகு அவர் வீட்டுக்கே போன் வருகிறது, நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று. மைக் எங்கே இருக்கிறது? ஜன்னல் திரையைக் கழற்றுகிறார், போனைப் பிரிக்கிறார், சுவர்க் காகிதத்தை உரிக்கிறார், தரைப் பலகையைப் பெயர்க்கிறார். பக்தியுள்ள கத்தோலிக்கரான அவர் மாதா சுரூபத்துக்கு முன்னால் மட்டும் தயங்கி நிற்கிறார். பிறகு அதையும் உடைக்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை. சின்னாபின்னமான அறையில் உட்கார்ந்து சாக்ஸபோன் வாசிக்கிறார். கேமரா கண்காணிப்புக் கேமராபோல இடமும் வலமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது.

நிஜத்தில் யாராவது ‘பைத்தியம்’ என்று ஒதுக்கப்பட்டு, கடைசியில் அவர் சொன்னது சரியாகியிருக்கிறதா?

மார்த்தா மிட்செல். நிக்சனின் அட்டார்னி ஜெனரலாக இருந்த ஜான் மிட்செலின் மனைவி. 1972 ஜூனில் வாட்டர்கேட் கைதுகள் நடந்ததும் இவர் வாயைத் திறக்காமல் இருக்க கலிஃபோர்னியாவில் ஒரு ஹோட்டல் அறையில் அடைத்து வைத்தார்கள். நிருபர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோதே போன் இணைப்பைப் பிடுங்கினார்கள். மயக்க மருந்து ஊசி போட்டார்கள். வெள்ளை மாளிகையில் சட்டவிரோத வேலை நடக்கிறது என்று அவர் சொன்னதையெல்லாம் குடிகாரியின் பிதற்றல் என்று பரப்பினார்கள். அவர் சொன்னதன் சாரம் பின்னால் உண்மையென்று ஆனது. நோயாளி சொல்வது நம்ப முடியாததாக இருக்கிறது என்பதற்காகவே அதைப் பிரமை என்று மருத்துவர் எழுதிவிடும் தவறுக்கு, உளவியலாளர் பிரெண்டன் மேஹர் ‘மார்த்தா மிட்செல் விளைவு’ என்று பெயர் வைத்தார்.

ஆனால் ஒரு மார்த்தாவைச் சொல்லி எல்லாச் சந்தேகத்தையும் நியாயப்படுத்த முடியாது. யூடியூபில் சதிக்கோட்பாடு பேசுகிறவர்களுக்கு இவர் பெயர் ரொம்பப் பிடிக்கும்.

‘கேஸ்லைட்டிங்’ என்ற சொல் படத்திலிருந்துதான் வந்ததா?

ஆமாம், நாடகம் வழியாக. பாட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய ‘கேஸ் லைட்’ நாடகம், 1944இல் ஜார்ஜ் குக்கர் இயக்கத்தில் ஹாலிவுட் படம். இன்கிரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. கணவன் ராத்திரியில் ரகசியமாக மாடியறையில் விளக்கேற்றி நகை தேடுகிறான். மேலே எரிவாயு போவதால் கீழே மனைவி அறையில் விளக்கு மங்குகிறது. விளக்கு மங்குகிறதே என்று அவள் கேட்டால் ‘உனக்கு அப்படித் தோன்றுகிறது’ என்கிறான். பொருட்களை ஒளித்து வைத்துவிட்டு ‘நீதான் தொலைத்தாய்’ என்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக அவளே தன்னைச் சந்தேகிக்கத் தொடங்குகிறாள். இங்கே ‘ஓ’ உதிரவில்லை. எதைச் சொன்னாலும் ‘ஓ’ ஒட்டிக்கொள்ளும்படி செய்துவிட்டான்.

இப்போது இந்தச் சொல்லை மாமியார் சண்டைக்கும் மேனேஜர் சண்டைக்கும் அள்ளித் தெளிக்கிறார்கள். மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2022இன் ‘ஆண்டின் சொல்’லாகவே இதை அறிவித்தது. ஒருவர் நம்மோடு மாறுபட்டுப் பேசினால் அது கேஸ்லைட்டிங் ஆகாது.

சொந்தக்காரர்கள் ஆள்மாறாட்டம் ஆகிவிட்டார்கள் என்று வரும் படங்கள் முழுக் கற்பனையா?

‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ (1956) மாதிரிப் படங்களில் வேற்றுக்கிரகவாசிகள் மனிதர்களை அச்சு அசலாக நகலெடுத்துவிடுவார்கள். இது என் மாமா இல்லை, மாமா மாதிரியே இருக்கிற யாரோ என்று அதில் ஒரு பெண் சொல்வாள். வேற்றுக்கிரகவாசிதான் கற்பனை. அந்த உணர்வு இருக்கிறது: காப்கிரா நோய்க்குறி, 1923இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பதிவு செய்தது. நெருங்கியவரின் முகம் அடையாளம் தெரியும். அந்த முகத்தைப் பார்த்ததும் வர வேண்டிய நெருக்கம் வராது. அதனால் இவர் அவர் இல்லை என்று மனம் முடிவு கட்டிவிடும். மறதி நோய் உள்ள முதியவர்கள் பெற்ற மகளைப் பார்த்து ‘நீ யாரு, என் பொண்ணு எங்கே’ என்று கேட்பதில் சில சமயம் இதுவும் கலந்திருக்கும். அந்த மகளுக்கு எந்தத் திகில் படமும் வேண்டியதில்லை.

இப்போதெல்லாம் ஏன் எல்லோரும் சிப், சாட்டிலைட், போன் ஹேக் என்றே சொல்கிறார்கள்?

பயம் பழையது, சட்டை மட்டும் காலத்துக்குத் தகுந்தபடி. வியன்னாவில் உளப்பகுப்பாய்வாளர் விக்டர் டாஸ்க் 1919இலேயே, ஒரு மர்ம இயந்திரம் தங்களை ஆட்டுவிக்கிறது என்று நம்பிய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் ஊரில் ‘செய்வினை வச்சுட்டாங்க’ என்றார்கள், இன்று ‘வாட்ஸ்அப்பை ஹேக் பண்ணிட்டாங்க’ என்கிறார்கள். சினிமாவே சட்டை தைத்துக் கொடுப்பதும் உண்டு. ‘தி ட்ரூமன் ஷோ’ (1998) வந்த பிறகு, தங்கள் வாழ்க்கையே ரகசியமாக ஒளிபரப்பாகிற நிகழ்ச்சி என்று நம்பிய நோயாளிகளை நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஜோயல் கோல்டு பார்த்தார். அவரும் அவர் சகோதரர் இயன் கோல்டும் இதற்கு அந்தப் படத்தின் பெயரையே வைத்தார்கள். படம் நோயைக் கொடுக்கவில்லை, நோய்க்கு ஒரு கதையைக் கொடுத்தது.

மனச்சிதைவு நோய் என்பதுதானே ‘ஸ்ப்ளிட் பெர்சனாலிட்டி’?

இல்லவே இல்லை. நம் ஊர்க் குழப்பத்துக்கு 2005ஆம் வருடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சித்திரைப் புத்தாண்டுக்கு ‘சந்திரமுகி’, ஜூனில் ‘அந்நியன்’. இரண்டு மாத இடைவெளியில் தமிழ்நாடு முழுக்க மனநல மருத்துவம் படித்து முடித்துவிட்டது! மனச்சிதைவில் ஒருவருக்குள் இரண்டு பேர் வசிப்பதில்லை. எண்ணமும் உணர்ச்சியும் நடப்பும் ஒன்றோடொன்று பிடிமானம் விட்டுப் போகின்றன. காதில் குரல் கேட்கலாம், அசைக்க முடியாத பொய் நம்பிக்கை வரலாம், ஒன்றிலும் நாட்டமில்லாமல் மூலையில் உட்கார்ந்துவிடலாம். இந்தக் கடைசி அறிகுறி படத்தில் வரவே வராது, அதற்கு பின்னணி இசை போட முடியாதே.

அம்பி, ரெமோ, அந்நியன் என்று ஆள் மாறுவது வேறு சங்கதி. படத்தில் ‘மல்டிபிள் பெர்சனாலிட்டி டிஸார்டர்’ என்பார்கள். அமெரிக்க மனநலக் கையேடு 1994லேயே அந்தப் பெயரை மாற்றிவிட்டது. நிஜத்தில் இது அரிது, எப்படி உருவாகிறது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மனச்சிதைவோ உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு. திரையிலோ கணக்குத் தலைகீழ்.

‘சந்திரமுகி’யில் ரஜினி மனநல மருத்துவர். கடைசியில் குணப்படுத்துவது என்னவோ மந்திரவாதியின் சடங்கோடு கைகோத்து, ஒரு பொம்மையை வேட்டையன் என்று நம்பவைத்து வெட்டவிட்டு. மூலமான மலையாள ‘மணிச்சித்ரதாழ்’ (1993) படத்திலும் அதே ஏற்பாடுதான். ரசித்துப் பார்த்தேன், ரா ரா பாட்டுக்கு இப்போதும் எழுந்து உட்காருவேன். ஆனால் ‘டாக்டர்கிட்ட காட்டுறோம், கூடவே அங்கேயும் ஒரு தடவை கூட்டிட்டுப் போயிடுவோம்’ என்று பெரியம்மா வீட்டில் ஒரு குரல் எழுந்தபோது அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

குரல் கேட்பது சரி, படத்தில் வருவதுபோல முழு ஆளே பக்கத்தில் நிற்பாரா?

‘அ பியூட்டிஃபுல் மைண்ட்’ (2001) கிளப்பிவிட்ட கேள்வி. கணிதமேதை ஜான் நாஷ் 1994இல் பொருளாதார நோபல் பெற்றவர். படத்தில் அவருக்கு அறைத்தோழன், ரகசிய உளவு அதிகாரி என்று ஆள் ஆளாகத் தெரிவார்கள். நிஜ நாஷுக்குக் கேட்டவை குரல்கள். மனச்சிதைவில் கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதுக்குக் கேட்பதுதான் அதிகம். குரலை வைத்துப் பாதிப் படத்தில் ஒரு திருப்பம் கொடுக்க முடியாது என்பதால் அதற்கு முகம் கொடுத்துவிட்டார்கள். ஒருவகையில் அது பலிக்கவும் செய்தது. அந்த அறைத்தோழனை நாமும் பாதிப் படம் நம்பிவிடுகிறோம், ‘அவன் இல்லவே இல்லை’ என்று சொல்லும்போது நமக்கே கோபம் வருகிறது. நோயாளியின் கோபம் என்னவென்று ஒரு நிமிடம் புரிகிறது.

அப்புறம் மாத்திரை விஷயம். நாஷ் 1970க்குப் பிறகு மருந்து எடுத்துக்கொள்ளவில்லை. படத்திலோ ‘புது மருந்துகளைச் சாப்பிடுகிறேன்’ என்று ஒரு வசனம் சேர்த்தார்கள், பார்க்கிறவர்கள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே என்று. உண்மைக்கு மாறானதுதான். ஆனாலும் நான் கோபப்படமாட்டேன். ஏனென்றால் மற்றப் படங்களில் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துத் துப்புவதுதான் வீரம். துப்பிய மறுநாள் ஹீரோவுக்கு மூளை தெளிந்து சதி புலப்படும். நிஜத்தில் மருந்து வேலை செய்யவே சில வாரம் ஆகும். எடை கூடும், பகலில் தூக்கம் சொக்கும், சிலருக்குக் கை நடுங்கும். அதனாலேயே நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. அந்தப் போராட்டத்தை ஒரு படமாவது எடுங்களேன்.

மனநோயாளிகள் ஆபத்தானவர்களா?

பெரும்பாலானவர்கள் இல்லை. பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதும் ஏமாற்றப்படுவதும்தான் அவர்களுக்கு அதிகம் நடக்கிறது. சிகிச்சையே இல்லாமல் நோய் முற்றி, அதோடு குடியோ போதையோ சேர்ந்தால் ஒரு சிறு பகுதியினரிடம் அபாயம் கூடுகிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ‘சைக்கோ’ (1960) வந்த நாளிலிருந்து கொலைகாரன் என்றால் மனநோயாளி என்று சமன்பாடு எழுதியாயிற்று. அந்தப் படத்தின் கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து நின்று நீளமாக விளக்குவார். நம் ஊரில் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), ‘மூடுபனி’ (1980) காலத்திலிருந்து அந்த விளக்கவுரையின் இடத்தைச் சின்ன வயது ஃப்ளாஷ்பேக் பிடித்துக்கொண்டது. அந்தச் சொல்லே தமிழில் வசைச்சொல் ஆகிவிட்டது. ‘டேய் சைக்கோ’ என்று எட்டாவது படிக்கிற பையன் கூப்பிடுகிறான்.

படம் பார்ப்பதால் மனம் மாறுமா என்றால், கொஞ்சம் மாறுகிறது. ‘ஜோக்கர்’ (2019) பார்த்தவர்களையும் ‘டெர்மினேட்டர்’ வரிசையில் அதே வருடம் வந்த படத்தைப் பார்த்தவர்களையும் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2020இல் வெளியிட்டார்கள். ‘ஜோக்கர்’ பார்த்தவர்களிடம் மனநோயாளிகள் மீதான வெறுப்பு, படம் பார்த்த பின் கூடியிருந்தது. இத்தனைக்கும் அரசு நிதியை வெட்டியதால் நாயகன் ஆர்தருக்கு ஆலோசனையும் மருந்தும் நின்றுபோவதை அழகாகக் காட்டிய படம் அது. அந்தக் காட்சி மறந்துபோகிறது, துப்பாக்கி மட்டும் நினைவில் நிற்கிறது.

நன்றாக இருக்கிறவரைப் பிடித்து மருத்துவமனையில் அடைத்து ஷாக் கொடுத்துவிட முடியுமா?

வரலாற்றில் நடந்திருக்கிறது. சோவியத் யூனியனில் அரசை எதிர்த்தவர்களுக்கு மனச்சிதைவு என்று முத்திரை குத்தி அடைத்தார்கள். அதனால் இந்தப் பயத்தைக் காட்டும் படங்களை வெறும் கற்பனை என்று தள்ளமாட்டேன்.

இன்றைய இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டுமானால் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். முதல் கட்டம் 30 நாளுக்கு மேல் போகக் கூடாது. மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். சங்கிலியால் கட்டுவதற்குத் தடை. அந்தத் தடைக்குப் பின்னால் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள். 28 பேர்.

ஷாக்? ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ (1975) படத்தில் நாயகன் விழித்திருக்கும்போதே கொடுப்பார்கள். உலகம் முழுக்க அந்தச் சித்திரம் பதிந்துவிட்டது. இங்கே மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பது சட்டப்படி குற்றம். கொஞ்ச நாள் ஞாபக மறதி வரும், உண்மை. கடுமையான மனச்சோர்வில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறவர்களை எழுப்பி உட்காரவைக்கிற சிகிச்சையும் அதுதான்.

சரியாகக் காட்டிய த்ரில்லர் ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது. ஜெஃப் நிக்கல்ஸின் ‘டேக் ஷெல்டர்’ (2011). ஒஹையோ மாநிலத்தில் கட்டுமானத் தொழிலாளி கர்டிஸ் (மைக்கேல் ஷானன்). புயல் வருவதுபோலக் கனவு காண்கிறான், எண்ணெய்போல மழை பெய்கிறது, வளர்த்த நாய் கடிக்கிறது. முழித்த பிறகும் நாள் முழுக்கக் கை வலிக்கிறது. அவன் அம்மாவுக்கு முப்பதுகளில் மனச்சிதைவு வந்தது. இவனுக்கு வயது 35.

இங்கேதான் இந்தப் படம் மற்றவற்றிலிருந்து விலகுகிறது. கர்டிஸ் தன் சந்தேகத்தையே சந்தேகிக்கிறான், ‘ஓ’வை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறான். நூலகத்துக்குப் போய் மனநோய் பற்றிப் புத்தகம் எடுத்து வருகிறான். அம்மாவைப் பார்க்கப் போய், உனக்கு எப்படித் தொடங்கியது என்று கேட்கிறான். இலவச மையத்தில் ஆலோசகரிடம் போய் உட்காருகிறான். அதே சமயம் கடன் வாங்கிக் கொல்லையில் புயலுக்கு ஒதுங்க நிலவறையும் தோண்டுகிறான். இரண்டையும் செய்கிறான்! நோயைத் தெரிந்துகொள்வதும் நோய்க்குக் கட்டுப்படுவதும் ஒரே ஆளுக்குள் ஒரே வாரத்தில் நடக்கும் என்று எனக்குப் பெரியம்மாவைப் பார்த்துத் தெரியும், திரையில் இதில்தான் பார்த்தேன். நிலவறைக்காக வேலை போகிறது. வேலையோடு மருத்துவக் காப்பீடு போகிறது. காது கேளாத மகளின் அறுவை சிகிச்சை அந்தக் காப்பீட்டை நம்பித்தான் இருந்தது. வில்லன் என்று யாரும் இல்லாத படத்தில் இதைவிடப் பெரிய திகில் என்ன வேண்டும்?

ஒருநாள் நிஜமாகவே புயல் வருகிறது. மூவரும் நிலவறைக்குள். காலையில் புயல் ஓய்ந்தும் கர்டிஸ் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறான், இன்னும் இடி கேட்கிறது என்கிறான். மனைவி சமந்தா (ஜெசிகா சாஸ்டெய்ன்) சாவியைப் பிடுங்கலாம், கத்தலாம். செய்யவில்லை. நான் திறந்தால் ஒன்றும் மாறாது, நீயேதான் திறக்க வேண்டும் என்கிறாள். காத்திருக்கிறாள். அவன் படியேறித் திறக்கிறான். கண் கூசும் வெயில்.

கடற்கரையில் நடக்கும் கடைசிக் காட்சியில் ஒரு பெரும்புயல் வருகிறது, இந்தத் தடவை மனைவியும் அதைப் பார்க்கிறாள். ‘ஆக அவன் சொன்னது சரிதான்’ என்று சிலர் குதிப்பார்கள். எனக்கு அந்தக் காட்சியில் முக்கியமாகப் பட்டது வேறு. கர்டிஸ் அவள் முகத்தைப் பார்க்கிறான், அவள் தலையசைக்கிறாள். அவ்வளவுதான்.

தமிழில் அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019) கொஞ்சம் கிட்டே வருகிறது. பழைய வன்முறையின் காயத்தோடு வாழும் பெண்ணாக டாப்ஸி, இருட்டைக் கண்டாலே மூச்சு முட்டுகிறது. அந்தப் பயத்தைக் கேலிக்கோ திருப்பத்துக்கோ பயன்படுத்தாமல் பயமாகவே விட்டிருக்கிறார்கள்.

மனநோய் உள்ளவர்கள் இந்தப் படங்களைப் பார்க்கலாமா?

மருத்துவரிடமே கேளுங்கள்; ஆளுக்கு ஆள் மாறும். அறிகுறிகள் அடங்காத நேரத்தில், கண்காணிப்பு பற்றிய படத்தை ராத்திரி பதினொரு மணிக்குப் போட வேண்டாம் என்பது பொதுப்புத்தி. அதற்காக ரிமோட்டை ஒளித்து வைத்தால் அதுவும் ஒரு ஆதாரமாகப் போய்ச் சேரும்.

வீட்டில் ஒருவர் இப்படிப் பேசத் தொடங்கினால் என்ன செய்வது?

பெரியம்மா கதையைச் சொல்கிறேன். எதிர்வீட்டுக்காரர்கள் எங்கள் தண்ணீர்த் தொட்டியில் ஏதோ கலக்கிறார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். தொட்டி மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். அதுவும் போதாமல் விடிகாலை நாலு மணிக்குத் தெருமுனை அடிபம்பில் குடத்தில் தண்ணீர் பிடித்து இடுப்பில் சுமந்து வந்தார், அறுபது வயதில், ஏறக்குறைய எட்டு மாதம். யாரையும் திட்டவில்லை, கத்தி எடுக்கவில்லை. நாங்கள் செய்த தப்பு, ஆளாளுக்கு வாதம் செய்தது. நான் அவர் கண் முன்னாலேயே தொட்டித் தண்ணீரைக் குடித்துக் காட்டினேன். ‘உனக்கு ஒன்றும் ஆகாது, அது எனக்கு மட்டும்தான்’ என்றார். த்ரில்லர் பார்த்துப் பழகிய புத்தி, துப்புத் துலக்கி நிரூபித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தது.

பலித்தது அத்தையின் வழி. ‘விஷம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது அண்ணி. ஆனா நாலு மணிக்கு எழுந்து எழுந்து உங்க கண்ணெல்லாம் உள்ளே போயிடுச்சு. தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போமா?’ என்றார். நம்பிக்கையை ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பெரியம்மா கிளம்பிவிட்டார். அரசு மருத்துவமனையில்தான் காட்டினோம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்நேரமும், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் ஆலோசனை உண்டு. இலங்கையில் 1926. சாகப்போவதாகவோ யாரையாவது தாக்கப்போவதாகவோ பேசினால் காத்திருக்காமல் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகு, எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

‘தி கான்வர்சேஷன்’. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள், டிவி ஸ்பீக்கரில் பாதி போய்விடும். அடுத்த வாரம் ‘டேக் ஷெல்டர்’, முடிந்தால் வீட்டில் யாராவது ஒருவரோடு சேர்ந்து. ‘சந்திரமுகி’ எப்படியும் ஏதாவது சேனலில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.